மீன் கை

ஓராவுக்கு முதுகில் பதின்மூன்று முள்.
வயிற்றுப் பக்கம் எத்தனை என்று
ஒருநாளும் எண்ணி முடித்ததில்லை,
அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள்.
குத்தினால் பின்னேரம் வரை கடுக்கும்,
சுடுதண்ணீர்தான் மருந்து.
சின்னக்கடையில் வெட்டித் தரக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

இன்று கூப்பிட்டது தயாபரன்.
போனைத் தோய்கல்லில் சாய்த்து
ஸ்பீக்கரில் போட்டேன்.
கிணற்றடி முழுக்க ஸ்கார்பரோக் குரல்.
ஆனைக்கோட்டைக் காணி, உறுதி, வடக்கு எல்லை,
நொத்தாரிசு ஏன் இன்னும் ஒப்பம் வைக்கவில்லை,
ஏன், ஏன்,
பிறகு அது:
"உனக்கென்ன தெரியும், அக்கா."

கத்தி நின்றது.
காதுமடலில் தொடங்கிய சூடு
கழுத்தால் இறங்கிக்
காறை எலும்புக்குக் கீழே
கோழிக்குஞ்சு மாதிரித் துடித்தது.
இடது கடைவாய்ப் பல் தானாகக் கடிபட்டது.
நாக்கில் ஏற்கெனவே பதில் இருந்தது,
பத்து வருடமாகத் தீட்டி வைத்த பதில்:
அம்மாவின் கடைசி மாதம்,
படுக்கைப் புண்,
நீ அனுப்பிய ஐந்நூறு டொலர்.
ஒவ்வொன்றுக்கும் தேதி வைத்திருக்கிறேன்.

பிரதேச செயலகத்தில் மூன்று நாள் வகுப்பெடுத்த
உளவளத்துணைப் பிள்ளை சொன்னது:
மூக்கால் இழுங்கோ, நாலு எண்ணுங்கோ.
இழுத்தேன்.
ஓரா வெடுக்கு உச்சந்தலை வரை போனது.
நாலாவது எண்ணும் வரவில்லை, அமைதியும் வரவில்லை.
ஆனால் வெடுக்கு வெடுக்காகவே இருந்தது.
அதற்குத் தயாபரனைத் தெரியாது,
உறுதியைத் தெரியாது.
அந்த ஒரு மூச்சு நீளத்துக்கு
எனக்கும் தெரியாமல் இருந்தது.

முள் குத்தினால் கை தானாக இழுபடும்.
அதை யாரும் நிறுத்த ஏலாது.
இழுபட்ட கை
போய் யாரை அடிக்கிறது என்பதில்தான்
கொஞ்சம் இடம் இருக்கிறது.
பெரிய இடமில்லை.
ஒரு பேசின் வைக்கலாம்.

அந்தச் சொல் அவனுடையதும் இல்லை.
ஐயாவின் சொல்.
கணக்குக் கொப்பியைப் பறித்துக்கொண்டு
அம்மாவுக்குச் சொல்வார், வளர்ந்த பிறகு எனக்கு.
தயா அப்போது மேசைக்குக் கீழே
காதைப் பொத்திக்கொண்டு இருப்பான்.
பொத்திய காதுக்குள்ளும் போயிருக்கிறது, பார்.

"அக்கா? லைனில நிக்கிறியோ?"

நின்றேன்.
சூடும் நின்றது, அதே இடத்தில்.
போகச் சொல்லவில்லை,
இருக்கச் சொல்லவுமில்லை.
வாளித் தண்ணீருக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டேன்.
"கை மீன், தம்பி. கொஞ்சம் பொறு."

பொறுத்தான்.
அந்தப் பக்கம் இரும்பு தரையில் உரசும் சத்தம்.
இரவு பத்தரைக்குப் பனி வழிக்கிறானாம்,
விடிய நாலரைக்கு வேலைக்குக் கார் எடுக்கவேணுமாம்.
இவ்வளவு நேரமும் உரசியிருக்கிறது,
எனக்குத்தான் கேட்கவில்லை.

என்ன மீன் என்றான்.
ஓரா.
"முள் கவனம்."
முப்பது வருடம் ஓரா வெட்டினவளுக்குச் சொல்கிறான்.
ஓம் என்றேன்.

வடக்கு எல்லையைப் பிறகு பேசினோம்.
ஒருமுறை குரல் உயர்ந்தது,
என்னுடையதுதான்.
போனை வைத்த பின்
குடலுக்கு வந்து நின்ற பூனையைப்
பதின்மூன்று முள்ளும் சேர்த்துப் பேசினேன்.
அது ஒன்றையும் சட்டை செய்யாமல்
ஒரு தலையைக் கவ்விக்கொண்டு
மதிலேறிப் போனது.