ரிசர்வ்

ஜக்கூரில் சக்கரம் தரை தொட்டபோது
மணி நாலே கால்.
ஓடுபாதையோரப் புல்லில் இரண்டு நாய்கள்.
ஒன்று எழுந்து பார்த்தது,
மற்றதற்கு அதற்கும் சோம்பல்.
இன்ஜினை அணைத்தேன்.
ப்ரொப்பெல்லர் கடைசிச் சுற்றில் ஒருமுறை தயங்கி
நின்றது.

சையத் முனீர் ஸ்பானரோடு வந்து
மூக்கைத் தொட்டுப் பார்த்தார்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
பின்சீட்டைக் கழற்றிக் கட்டியிருந்த
உபரித் தொட்டியை எட்டிப் பார்த்தார்.
"இதையா மடியில வெச்சுக்கிட்டு கடல் தாண்டினே?"
மடியில் இல்லை, முதுகில், என்றேன்.
பெட்ரோல் வாடை இன்னும் என் பின்னலில் இருந்தது.

பயமா இல்லையா என்று கேட்டார்.
எல்லோரும் கேட்பதுதான்.

மஸ்கட்டை விட்டுக் கொஞ்ச நேரம்
கரை ஒரு பழுப்புக் கோடு.
அப்புறம் கோடும் இல்லை.
அந்த நொடியில்தான் இன்ஜின் குரல் மாறும்,
தப்பாமல், ஒவ்வொரு முறையும்.
பாலைவனத்தின் மேல் இரண்டு நாள்
தையல் மெஷின் மாதிரி ஓடியது,
கீழே தண்ணீர் மட்டும் என்றானதும்
தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல்
இருமத் தொடங்கியது.
ஆயில் அழுத்தம் பார்த்தேன், சூடு பார்த்தேன்,
பார்த்ததையே பார்த்தேன்.
முள்ளெல்லாம் பச்சையில்.
என் காதில் மட்டும் சிவப்பு.

இன்ஜினுக்குக் கடல் தெரியாது.
எனக்குத் தெரியும்.
கோளாறு அவ்வளவுதான்.
தெரிந்தும் எட்டு மணி நேரம்
காதைக் கழற்றி வைக்க முடியவில்லை.

மணிக்கொரு முறை கையால் பம்ப் அடித்து
முதுகிலிருந்து இறக்கைக்குப் பெட்ரோல் ஏற்றினேன்.
எழுதினேன்: எவ்வளவு எரிந்தது, எவ்வளவு மீதி,
எதிர்க்காற்று எவ்வளவு தின்றது.
தண்ணீரை மூடியில் ஊற்றிக் குடித்தேன்,
காரணம் பெண் விமானிகளுக்குத் தெரியும்.
பாதிக் கடலில் என் ரேடியோ
மும்பைக்கு எட்டாமல் கரகரத்தது.
முப்பத்தேழாயிரம் அடியில் போன ஒரு ஜெட்
என் இருப்பிடத்தை வாங்கிச் சொல்லிவிட்டு,
போகிற போக்கில் கேட்டது:
"ஒரே இன்ஜினா?"
ஆமாம்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
"ஜாக்கிரதை," என்றது அந்தக் குரல்.
அதில் முந்நூறு பேர்
சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அகமதாபாத்தில் ஒரு ராத்திரி, சுங்க முத்திரைகள் பதினொன்று.
பெலகாவியில் பெட்ரோலுக்குக் காத்த மூன்று மணி நேரம்.
பிறகு ஏரிகள், தகரக் கூரைகள், வெள்ளாரை நெருங்கும் மேம்பாலங்கள்,
இதோ ஜக்கூர்.

பெள்ளியப்பா கையெழுத்திட்டார், நானும் இட்டேன்.
அந்த நொடியிலிருந்து விமானம் என்னுடையதில்லை.
அதற்கு முன்பும் இல்லை.
காசோலையோடு தன் தோட்டத்துக் காபித்தூள்
அரைக் கிலோ கொடுத்தார்.
விமானத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது
என்று வைத்திருக்கிறேன்.
பார்த்தேன்.

ஃப்ரேசர் டவுனுக்கு ஆட்டோ.
முன்னால் ஒட்டிய அட்டையில் பெயர், கெம்பராஜு.
இது நிஜமாகவே இருமியது.
மூன்றாவது கியரில் ஒரு அடி விட்டு அடித்தது,
பிளக் போயிருக்கும், செயின் தளர்ந்திருக்கும்,
முனீர் கேட்டால் தரையிறக்கிவிடுவார்.
ஒரு குறையுமில்லாத இன்ஜினில்
எட்டு மணி நேரம் கண் மூடாதவள்
கோடிகேஹள்ளி சிக்னல் வருமுன்
வாய் பிளந்து தூங்கிப்போனேன்.

எழுப்பியது சத்தமல்ல.
ஹெப்பாள் மேம்பாலத்து ஏற்றத்தில்
இன்ஜின் நின்றிருந்தது.
கண் திறப்பதற்குள் என் வலது கை
தரைக்குப் போய்விட்டது,
இரு சீட்டுக்கும் நடுவே
பெட்ரோல் திருகு இருக்குமிடத்துக்கு.
இடது தொட்டி, வலது தொட்டி, எங்கே,
எங்கே,
காபித்தூள் பொட்டலம் அகப்பட்டது.

கெம்பராஜு குனிந்து எதையோ திருகினார்.
"ரிசர்வ் மேடம், ஒண்ணுமில்ல."
பின்னால் பெங்களூர் முழுவதும்
ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.
லீவரை இழுத்தார், இழுத்தார், பற்றிக்கொண்டது.

எத்தனை கிலோமீட்டர் போகும், ரிசர்வில்?
கேட்காமல் இருக்க முடியவில்லை எனக்கு.
அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
"அத யாரு மேடம் அளந்தா?"