ஐஸில் ஏழு

சிவப்பு எண் இருபத்தி நான்கு என்கிறது.
நான்கு நாளாக அதையேதான் சொல்கிறது.
கண்ணாடி ஜாடிக்குள் மாம்பழச் சாறு
ஒரு குமிழிகூட விடாமல்
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

காவேரிப்பட்டணத்தில் ஜூன் முடிகிறது.
பெங்களூரா கிலோ நான்கு ரூபாய்.
கூழ் ஆலை வாசலில் மூன்று நாள் நின்ற வண்டியை
திம்மராயன் அப்படியே வீட்டுக்குத் திருப்பினான்.
விற்காததை நொதிக்க வைத்து
வினிகர் ஆக்கலாம் என்றது நான்.
ஓசூரில் ஒரு மருந்துக்கடை மூடியபோது
இரண்டாயிரத்துக்கு வந்த ஃப்ரிட்ஜ்.
கதவில் இன்னும் இருக்கிறது: இன்சுலின் மட்டும்.

முதலில் ஈஸ்டைச் சந்தேகித்தோம்.
பெங்களூர் போய் அவன் வாங்கி வந்த பொட்டலம்.
தேதி பார்த்துத்தான் வாங்கினியா என்றேன்.
கேட்டிருக்க வேண்டாம்.
அப்புறம் வோல்டேஜ்.
தோப்பு மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக இழுக்கிற நேரம்
டியூப்லைட்டே எரிய யோசிக்கும்,
இந்தச் சின்னப் பெட்டி என்ன செய்யும்?
அப்புறம் ரிலே.
கண்ட்ரோலரைக் காதோடு வைத்து
டிக் வருகிறதா என்று நெடுநேரம் நின்றான்.
வந்தது.
அணைக்கச் சொன்னால் கம்ப்ரசர் அணைந்தது,
ஓடச் சொன்னால் ஓடியது.
எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன.
பேச்சை நாங்கள்தான் விசாரிக்கவில்லை.

பழையபேட்டை அமீருல்லா
போனில் இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு
ஒன்றே ஒன்று கேட்டார்:
ஜாடியத் தொட்டுப் பாத்தீங்களாம்மா?

இல்லை.
நான்கு நாளும் எண்ணைத்தான் பார்த்தோம்.
தொட்டேன்.
டிசம்பரில் கேஆர்பி அணைத் தண்ணீர் இருக்குமே
அப்படி இருந்தது.

டம்ளரில் ஐஸ் நொறுக்கி சென்சரை விடச் சொன்னார்.
பூஜ்யம் வரவேண்டும்.
ஏழு வந்தது.
அக்குளில் வைக்கச் சொன்னார்.
நாற்பது.
திம்மராயன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.
அந்தப் பொட்டலப் பேச்சுக்குப் பிறகு முதல் தடவை.
காய்ச்சல் இல்ல, என்றான்
எண்ணை விட்டுவிட்டு என்னிடம்.

சூட்டில் நான்கு பொய், குளிரில் ஏழு.
எப்போதும் ஒரே அளவு பொய் என்றால்
கழித்துக்கொண்டு காலம் தள்ளலாம்.
இது குளிரக் குளிரக் கூடுகிற பொய்.
இருபத்தி நான்கு என்று அது சொன்னபோதெல்லாம்
பதினெட்டில் சுருண்டு கிடந்திருக்கிறது
தேதி சரியாக இருந்த ஈஸ்ட்.

சென்சர் முனையைப் பேனா மூடிக்குள் செருகி
மெழுகு உருக்கி அடைத்தது
வேறு யாருமில்லை, நான்.
மெழுகில் மயிரிழை விரிசல்.
ஈரம் அதன் வழியே உள்ளே போய்
மின்சாரத்துக்கு ஒரு குறுக்குச் சந்து போட்டுக் கொடுக்க,
பெட்டி அதைச் சூடு என்று நம்பி
குளிர்த்து, மேலும் குளிர்த்து,
கடமையைச் செய்திருக்கிறது.

புது சென்சர் நாற்பத்தைந்து ரூபாய்.
மீன்தொட்டி ஒட்டுகிற சிலிக்கான் பசை நூற்றுப் பத்து.
டவுன் பஸ்ஸில் போய் வந்தேன்.
இந்தத் தடவை ஒட்டுவதற்கு முன்பே ஐஸில் விட்டேன்.
பூஜ்யம் புள்ளி மூன்று.
அந்த மூணு ஐஸோட தப்பு, என்றார் அமீருல்லா.

இரவு ஃப்ரிட்ஜுக்குள் நாற்பது வாட் குண்டு பல்பு.
பத்தொன்பது. பத்தொன்பதரை.
ஈஸ்ட் மேல ஒண்ணும் இல்ல, என்றேன்
சுவரைப் பார்த்தபடி.
பதில் இல்லை. தூங்கியிருப்பான்.
குமிழியும் இன்னும் இல்லை.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தபோது
இருட்டில் இருபத்தொன்று மட்டும் சிவப்பாக.
நம்பலாம்தான்.
இருந்தாலும் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.
பல்பு வெளிச்சத்தில்
பனித்த ஜாடி மேல்
ஏற்கெனவே ஐந்து விரல்.