இரண்டாவது கால்

செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் என் அச்சுக்கடை.
பெயர்ப்பலகை கிடையாது.
வெளியே காயும் சாக்குகளைப் பார்த்தே
ஆள் வந்துவிடும்.

மாரண்ணன் வந்தபோது
பக்கத்துக் கொலுசுப் பட்டறையில் சாப்பாட்டு நேரம்,
அதனால் அவர் மெல்லச் சொன்னதும் கேட்டது.
பழைய சாக்கு ஒன்றை உதறி விரித்தார்.
ஒற்றைக்கால் கொக்கு ஜவ்வரிசி, தொண்ணூறு கிலோ.
"இதேதான் வேணும். ஆனா
இன்னொரு காலையும் கீழ ஊனிடு.
வேற கொக்கு ஆயிடும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
ஐயாயிரம் சாக்கு. பாதிப் பணம் மேசைமேல்.

அந்தக் கொக்கை வரைந்தவன் நான்தான்.
பதினோரு வருஷம் முன்பு
வங்கிக் காலண்டரின் பின்பக்கத்தில்.
அங்கயற்கண்ணி அக்கா தந்தது எண்ணூறு ரூபாய்,
ஒரு படி ஜவ்வரிசி.
அப்போது அக்காவும் மாரண்ணனும் கூட்டு.
பத்திரம் எழுதவில்லை,
வாய்ப்பேச்சுத்தான்.
பேச்சு நின்ற வருஷம்
மில் ஒருவருக்கு, லாரி ஒருவருக்கு,
கடன் இருவருக்கும்.
கொக்கு யாருக்கென்று எவரும் கேட்கவில்லை.

அஸ்தம்பட்டியில் மாடியறை, வக்கீல் நஸ்ரீன்.
"பேரையும் படத்தையும் அந்தம்மா
முறையாப் பதிஞ்சு வெச்சிருக்காங்க" என்றார்.
"காலை மாத்தினா போதாதா?"
"கோர்ட்டு ரெண்டு சாக்கையும்
பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கால் எண்ணாது.
போன மாசம் வாங்கினவன்
இந்த மாசம் அரைகுறையா ஞாபகம் வெச்சிருப்பான் பாருங்க,
அந்த ஞாபகம்தான் அளவு."

நாக்பூரை நினைத்துக்கொண்டேன்.
பார்த்ததில்லை, சாக்கில் அடித்த பெயர் மட்டும்தான் தெரியும்.
அங்கே விரதத்துக்கு முந்தின சாயங்காலம்
மூட்டை இறக்கும் ஒருவனுக்கு
தமிழெழுத்து வெறும் சுழி.
நீலமாய் ஒரு பறவை,
அவ்வளவுதான் அவனுக்குச் சேலம்.

"அச்சடிச்சுக் குடுத்தவனுக்கு?"
"அவனுக்கும் உண்டு. ஸ்க்ரீன், சாக்கு, மை டப்பா
எல்லாம் ஜீப்புல ஏறும்."
பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
"படம் நீங்க வரைஞ்சதா? எழுதிக் குடுத்தீங்களா?"
இல்லை.
"அப்ப ஓவியம் யாருக்குன்னு
வழக்கு வந்தா, ரெண்டு பக்கமும் பேசலாம்."

பேசலாம்.
அந்தச் சொல்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஐந்து ரோடு வரை நடந்தேன்.
பையனின் காலேஜ் பீஸ் அதற்குள் அடங்கும் போலிருந்தது.

ராத்திரி பென்சிலால் போட்டுப் பார்த்தேன்,
அந்த இரண்டாவது காலை.
கொக்கு மீனுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு
பஸ்ஸுக்கு நிற்க ஆரம்பித்தது.

அட்வான்ஸைத் திருப்பினேன்.
மாரண்ணன் எண்ணிப் பார்த்தார்.
"கந்தம்பட்டியில ஆளா இல்ல?"
இருக்கிறான். எனக்கும் தெரியும்.
நல்ல வேலைக்காரன்.

அக்காவிடம் போய்ச் சும்மா எழுதித் தரவில்லை.
நாலாயிரம் கேட்டேன்.
"அன்னிக்கே எண்ணூறு குடுத்தனே?"
"அது வரைஞ்ச கூலிக்கா. இது எழுதித் தர்ற விலை."
என்னை ஏற இறங்கப் பார்த்தார்,
ஈர மாவைப் பார்ப்பதுபோல.
மூவாயிரத்து இருநூறில் நின்றது.

நஸ்ரீன் மேடமே டைப் அடித்தார்.
எந்த ஊர் எல்லை வரை, எத்தனை வருஷம்,
எழுதாமல் விட்டால் ஐந்தே வருஷமாம்.
அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதுங்க."
"படத்தை அடையாளம் சொல்லணும்.
ஊன்றி நிற்பது எந்தக் கால்?"

பதினோரு வருஷம், லட்சம் சாக்கு.
எனக்குத் தெரியவில்லை.
அக்காவுக்கும் தெரியவில்லை.
கீழே அஸ்தம்பட்டி ரவுண்டானாவில்
ஹாரன் மேல் ஹாரன்.
நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து,
செருப்பைக் கழற்றி,
இடதா வலதா என்று
ஒரு காலைத் தூக்கி
நின்று பார்த்தேன்.