தள்ளுபடி

பிப்ரவரியிலேயே கணக்கு எழுத உட்கார்ந்துவிடுவேன்,
ஜன்னலுக்கு வெளியே பனி இறுகிக் கிடக்கும்போதே.
பெட்ரோல், தலைக்குப் பதினொரு டாலர்.
வண்டி லார்னாவுடையது, ஆகவே அவளுக்கு எட்டு.
மீன்பிடி உரிமத்தை இதில் சேர்க்காதே என்பான் ரூபன்,
அது அரசாங்கத்துக்கு, மீனுக்கல்ல.
விடுதி கிடையாது.
இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பினால்
ஓரிரவு வாடகை மிச்சம்.
அவித்த முட்டை, ரொட்டி, பிளாஸ்கில் காப்பி.
வழியில் எதையும் மோந்துகூடப் பார்ப்பதில்லை.

தூண்டில் சாமானுக்கு வேறு காலண்டர்.
அக்டோபர் கடைசியில்
சான்டஸ்கி ஆற்றை எல்லோரும் மறந்த பிறகு
பெரிய கடையின் பின்மூலையில்
மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள்.
ஈயத்தலை முள் ஒன்று எழுபத்தொன்பது சென்ட்.
மார்ச்சில் அதே முள்
முகம் கழுவிப் பொட்டிட்டு
இரண்டரை டாலருக்கு முன்வரிசையில் நிற்கும்.
இடுப்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டையை
ஒரு கராஜ் விற்பனையில் பதினைந்துக்கு வாங்கினேன்.
முந்தைய சொந்தக்காரன் நெட்டையன்.
அவன் முழங்கால் என் கணுக்கால் பக்கம் மடிகிறது.

நரம்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.
இரண்டு டாலர் நைலானை நம்பிய வருடம்
ஒரு பெரிய வால்ஐ மீன்
கண்ணாடிக் கண்ணால் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
அறுத்துக்கொண்டு போனது.
மலிவு வேறு, மட்டம் வேறு.
இதை நோட்டில் எழுதவில்லை. தேவைப்படவில்லை.

ஏப்ரலில் ஆறு தொடைவரை.
தோளோடு தோள் இடிக்க நூறு பேர்.
விரல்கள் யாருடையவையோ.
வீசுகிறோம். கல்லிடுக்கில் மாட்டுகிறது. இழுக்கிறோம். அறுகிறது.
முள் தொலைத்த ஒவ்வொருவரும்
ஒரே கெட்டவார்த்தையை
வெவ்வேறு சுருதியில் சொல்கிறார்கள்.
அன்றிரவு நோட்டில்:
மீன் நான்கு. ஆற்றுக்குப் போனது பத்தொன்பது.
வகுத்துப் பார்த்தால்
கடையில் தோலுரித்துத் தரும் மீனைவிட
கிலோவுக்கு மூன்று டாலர் கூடுதல்.
வகுக்காதே, என்றாள் லார்னா.
கூட்டு, கழி, அதோடு நிறுத்து.

ஆகஸ்டில் கண்ணாடி ஆலையில் என் ஷிப்டைக் குறைத்தார்கள்.
ஆறும் குறைந்திருந்தது.
வாளி, குறடு, பழைய செருப்பு.
ஆற்றின் அடிவயிற்றில் நடந்தோம்.
ஏப்ரலில் எங்களோடு இழுபறி நடத்திய கற்கள்
வெயிலில் சாதுவாகப் படுத்திருந்தன.
ஒரு சிக்கமோர் வேரில் மட்டும் முப்பத்தொரு முள்,
துருவும் பாசியும் பூத்து.
ஊராரின் ஏப்ரல் முழுக்க அங்கே தொங்கியது.
இதைவிடப் பெரிய தள்ளுபடி
எந்தக் கடையில் கிடைக்கும் என்றான் ரூபன்.

பாலத்தடியில் எங்களுக்கு முன்பே ஒருவன்.
கோல்பி. வயது பத்து இருக்கும்.
பீட்ஸா பெட்டியின் மூடியில்
நிறவாரியாகக் குத்தி வைத்திருந்தான்.
ஒன்று ஐம்பது சென்ட், மூன்று ஒரு டாலர்.
மூன்றாவது வரிசையில்
ஆரஞ்சுத் தலை மேல் ஒரு பச்சைப் புள்ளி.
நகப்பூச்சு. என்னுடையது.
மற்றவர் முள்ளோடு கலந்துவிடக் கூடாதென்று வைத்தது.
ரூபன் வாயைத் திறந்தான்,
அவன் காலை மிதித்தேன்.
இது எவ்வளவு?
அது மட்டும் தனியா ஒரு டாலர், என்றான்.
யாரோ அடையாளம் போட்டு வெச்சிருக்காங்க,
அப்போ நிறைய மீன் பிடிச்சிருக்கும்.

அது ஒரு மீனும் பிடித்ததில்லை.

எழுபத்தைந்துக்குத் தருவாயா?
தலையாட்டினான், இடவலமாக.
கொடுத்தேன்.

இப்போது நோட்டு திறந்திருக்கிறது.
வரவுப் பக்கமா, செலவுப் பக்கமா?
முதலில் எழுபத்தொன்பது, பிறகு நூறு.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
வெகுநேரம் பார்த்துவிட்டு
அரத்தை எடுத்து முள்முனையைத் தீட்டுகிறேன்.
துரு உதிர்கிறது, பச்சை உதிரவில்லை.
தொலைபேசியில் லார்னா,
ஏப்ரலில் பெட்ரோல் என்ன விலை இருக்கும் என்கிறாள்.