அலுமாரி ஏறாத மாடி

பதினேழு படி.
ஒன்பதாவதில் திரும்புகிறது.
அந்தத் திருப்பத்தில்
எங்கள் அலுமாரி நின்றுவிட்டது.

லொறிக்காரத் தம்பி நெட்டுக்கு நிமிர்த்தினான்,
சரித்தான், முதுகால் முட்டினான்.
"கதவைக் கழற்றித் தாங்க அக்கா."
கழற்றினோம்.
கதவுகள் மட்டும் மேலே வந்தன.
மிச்சத்தைக் கீழ்க்கடை மவ்ஜூத் நானா
மாவுச்சாக்கு அடுக்கவென்று
மூவாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

கம்பனி கடிதம் இரண்டே வரி.
தொழிற்சாலை மூடப்படுகிறது என்று ஒன்று,
குவாட்டர்ஸ் சாவி என்று ஒன்று.
டீமேக்கர் ஜெபநேசன், என் வீட்டுக்காரர்,
இருபத்தாறு வருஷம், ஆறடி ஓரங்குலம்,
ஐந்து அறையிலிருந்து
தலவாக்கலை டவுனில்
பேக்கரிக்கு மேலே
பத்துக்குப் பன்னிரண்டுக்கு வந்தார்.

எதை விடுவது என்று உட்கார்ந்தால்
கை முதலில் மற்றவர் சாமானுக்குத்தான் போகிறது.
அவர் என் தையல் மெஷினைப் பார்த்தார்.
நான் அவருடைய ஈரமானியைப் பார்த்தேன்.
இரண்டும் வந்துவிட்டன.
போனது பதினொரு பீங்கான் தட்டு,
நாற்காலி நாலு, கோழிக்கூடு,
யார் யாருடையதோ கல்யாண அல்பம்.
எட்டாவது தட்டைக் கொடுக்கும்போது
எனக்குக் கொஞ்சம் குதூகலமாக இருந்தது.
இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சிறுவர் இதழ் ஒன்றுக்குத் தொடர்கதை எழுதுகிறேன்.
அதில் ஒருத்தன் நாளுக்கு நாள் சிறுக்கிறான்.
பெயரும் கூடவே சிறுக்கிறது:
முதல் வாரம் பரமானந்தம்,
ஐந்தாம் வாரம் பரமன்,
இப்போது வெறும் ப.
தீப்பெட்டிக்குள் படுக்கிறான்.
சட்டைப் பொத்தானில் சாப்பிடுகிறான்.
ஒரு மைசூர்ப் பருப்பு அவனுக்கு மூன்று நாள் கறி.
"ப பள்ளிக்கூடம் போக வேண்டுமா?" என்று
கொட்டகலையிலிருந்து ஒரு பிள்ளை
எழுதிக் கேட்டிருக்கிறது.
கவலை அதற்கு அதுதான்.

ஆளைச் சிறுப்பித்தால் வீடு பெருக்கும்,
கதைக்கு அதுதான் லாபம்.
மேசை மைதானமாகும்,
தலையணை ஏற முடியாத மலையாகும்.
எங்களுடையதை யாரோ
தலைகீழாகப் பிடித்து வாசித்துவிட்டார்கள்.
வீடு சிறுத்தது.
ஆள் அப்படியே.

ஜெபநேசனின் முழங்கை கேஸ் அடுப்பைத் தட்டுகிறது.
நெற்றி கூரைச் சட்டத்தை.
இரவில் அவர் மூலைக்கு மூலை படுக்கிறார்,
மிஞ்சுகிற முக்கோணத்தில் நான்.
கழற்றிய கதவொன்றில் ஆளுயரக் கண்ணாடி,
சுவரில் சாய்த்திருக்கிறோம்.
அதற்குள் இன்னொரு பத்துக்குப் பன்னிரண்டு,
அதற்கு மட்டும் வாடகையில்லை.

விடிய மூன்று மணிக்குப்
போறணை மூட்டுகிறார்கள்.
வெளியே பனி. எங்கள் தரை சுடுகிறது.
கீழே பேசினில் மாவு
துணியைத் தூக்கிக்கொண்டு உப்பும் நேரம்.
நேற்று அந்த நேரத்தில்
விளக்கைப் போட்டு என் கொப்பியை எடுத்தார்.
ஒரு பக்கம் வாசித்தார்.
"இது பிழை."

"எது?"

"கொழுந்து நூறு கிலோ உள்ளே வந்தால்
தூள் இருபத்திரண்டுதான்.
மிச்சம் எங்கே என்று
துரை கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும்.
வாட்டில் போன தண்ணீர், சார்.
உன் ஆளின் தண்ணீர் எங்கே போனது?"

நான் எழுதியிருக்கவில்லை.
பதினான்கு வாரமாக ஒருத்தன் சிறுக்கிறான்,
ஒரு சொட்டு ஈரம் எங்கும் இல்லை.

"கடைசியில் அவனை என்ன செய்வாய்?"

"சல்லடையில் விழுத்தலாம் என்றிருக்கிறேன்.
பெரிய கண், சின்னக் கண்,
கடைசியில் டஸ்ட்டோடு டஸ்ட்டாக."

"விழட்டும்.
டஸ்ட்டுக்குத்தான் ஏலத்தில் விலை"
என்று சிரித்து எழுந்தார்.
சட்டத்தில் இடித்துக்கொண்டார்.
தடவிக்கொண்டே ஈரமானியைப் பார்த்தார்,
பழக்கம்.
எத்தனை காட்டியதோ, சொல்லவில்லை.

விடிந்ததும் முதல் வேலை,
ப-வுக்கு
வேர்க்க வைக்க வேண்டும்.