அலமாரிக்கும் சுவருக்கும் இடையில்

வந்த முதல் கிழமையே
ஆளுக்கொரு சொல் தந்தார்கள்,
கேட்காமலே.

மேட்டுப் பக்கம் வீடு எடுக்காதே என்றாள் வினோலியா,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், போர்வை மடித்தபடி.
ஷெஃபீல்டில் எல்லாப் பக்கமும் மேட்டுப் பக்கம்தான் என்பதைச்
சொல்ல மறந்துவிட்டாள்.

பஸ்காரர் "லவ்" என்று கூப்பிட்டால் முகம் சிவக்காதே,
அது காதல் இல்லை,
மீதிச் சில்லறை மாதிரி
எல்லோர் கையிலும் வைப்பது.

கோட் வாங்குவதென்றால் ஜனவரி முடிவில் வாங்கு
என்றான் செந்தூரன்.
அதுவரைக்கும் எதைப் போட்டுக்கொள்ள?
"போன ஜனவரியில் வாங்கினதை."

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால்
பதில் சொல்லாதே, அது கேள்வி இல்லை.
இதை மட்டும் பிந்தித்தான் கேள்விப்பட்டேன்.
அதற்குள் வரவேற்பு மேசை டோனாவுக்கு
என் முழங்கால் வலியின் முழுச் சரித்திரமும் தெரிந்துவிட்டது.
செவ்வாய்க்கிழமைகளில் இப்போது
முழங்காலைத்தான் முதலில் சுகம் விசாரிக்கிறாள்.

பிறகு, சுவர்.

அக்டோபரில் அலமாரிக்குப் பின்னால் ஒரு கறுப்பு,
புளியங்கொட்டை அளவில்.
பொங்கலுக்குள் தோசைக்கல்.

ஜன்னலைத் திற என்றார் வீட்டுக்காரர் கிரகாம்.
ஜன்னலை மூடு, ஹீட்டரைப் போடு என்றாள் மேல்மாடிக்காரி.
மீட்டர் ஒன்றும் சொல்லவில்லை,
ஓடிக் காட்டியது.
வினிகர் என்றான் ஒருவன், பிளீச் என்றாள் ஒருத்தி.
இரண்டையும் கலக்காதே, செத்துப்போவாய் என்று
இருவரும் சொன்னார்கள்.
இந்த ஊரில் இரண்டு பேர் ஒத்துப்போய் நான் பார்த்தது
அந்த ஒரு தரம்.

உடுப்பை உள்ளே காயப்போடாதே.
சரி. வெளியே மழை.
என் துவாய் எட்டு மாதமாக
காய்ந்தது என்றும் இல்லை, நனைந்தது என்றும் இல்லை.

கிரகாம் குரல் உயர்த்துகிற ஆள் அல்ல.
மென்மையாகத்தான் சொன்னார்:
"நீங்கள் சோறு நிறைய அவிக்கிறீர்கள்.
மூச்சும் விடுகிறீர்கள் அல்லவா, அதுவும் ஈரம்தான்."
மூச்சைப் பற்றி ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்தேன்.
பதினேழாம் பக்கத்தில்
பூனை கூடாது என்று இருந்தது.

மாதக் கடைசியில் நான் வேறு இடம் போகிறேன்.
இன்று அறை பார்க்க ஒருவர் வந்தார்,
நாரிச்சிலிருந்து, வெள்ளைக்காரர்,
ஐம்பது இருக்கும்.
பிரிந்த மனைவியோடு பங்கு பிரித்ததில்
தனக்கு விழுந்தது என்று ஒரு கெட்டிலைக் காட்டினார்,
பையில், சட்டைகளுக்கு நடுவில்.
இந்த ஊரில் ஒருவரையும் தெரியாதாம்.

சுவர் வெள்ளையாக இருந்தது.
போன வெள்ளிதான் கிரகாம் தன் கையால் பூசினார்,
நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

"இங்கே எப்படி?" என்று என்னைக் கேட்டார் அவர்.
அது கேள்விதான்.
பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

கிரகாம் சாவிக்கொத்தைக் கை மாற்றினார்.
என் முன்பணம் நானூற்றெழுபது பவுண்ஸ்
இன்னும் அவரிடம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதீர்கள் என்றேன்.
மூலைக்கடையில் ஏழு மணிக்கு மேல்
பாண் பாதி விலை என்றேன்.
குப்பைக்கு நீலத்தொட்டி ஒரு கிழமை, கறுப்புத்தொட்டி மறு கிழமை,
மாறிவிட்டால் பக்கத்து வீட்டைப் பார்த்து
அவர்கள் வைப்பதை வையுங்கள் என்றேன்.
எல்லாம் உண்மை.
எனக்கே என் குரல்
வினோலியாவின் குரல் போல இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அலமாரியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.
முழங்கால் சுள்ளென்றது.
ஒரு சாண் வந்தது.
"இதை இவ்வளவு தள்ளி வையுங்கள்" என்றேன்,
"சுவருக்கும் மூச்சு விட வேண்டும்."

அவர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
அந்த இடைவெளிக்குள் பார்த்தார்.
வெள்ளையின்மேல் ஒரு விரலை வைத்தார்.
விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாடகை எவ்வளவு என்று சொன்னீர்கள்?"
என்று கிரகாமைக் கேட்டார்,
முதலில் கேட்ட குரலில் அல்ல.