செய்தித்தாளின் அளவு

டார்ட்டு நகரின் கிழக்கோரம்.
ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
காப்பகத்துப் பெண் கையெழுத்து வாங்கும்போது
ஒரே ஒரு விஷயம் சொன்னாள்:
"தாள் விரித்தால்தான் போவான்.
சிமென்ட் தரையில் வளர்ந்தவன், மண் தெரியாது."
நான் குட்டியின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்று நிமிர்ந்து, ஒன்று மடிந்து.
அவள் சொன்னது என் காதில் விழவில்லை.

ஹெர்னெஸ் என்று பேர் வைத்தேன்.
எங்கள் பாஷையில் பட்டாணி.

முதல் இரவு
சமையலறையில் ஒரு குளம்,
செருப்புக்குள் ஒரு குளம்,
வரி அலுவலகத்துக் கடிதத்தின் மேல்
கச்சிதமாக, ஓரம் தாண்டாமல்
ஒரு குளம்.
அந்தக் கடிதம் எனக்கு எதையோ சொல்லப் பார்த்தது.
நான் அதைத் துடைத்துக் காயப்போட்டேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம்.
பைஜாமா மேல் கோட்டு,
கோட்டுக்குள் குட்டி,
எழுபத்திரண்டு படி.
அவன் இதயம் என் விலாவில்
தையல் மெஷின் ஓட்டும்.
மூன்றாம் மாடியில் விர்வே அம்மாளின் கதவு
சங்கிலி அளவுக்குத் திறக்கும்,
ஒரு கண், ஒரு பெருமூச்சு,
சாத்திக்கொள்ளும்.

வெளியே மைனஸ் பதினாறு.
விளக்குக் கம்பத்தடியில் இறக்கிவிட்டால்
பனியை முகர்ந்தான், பனியைத் தின்றான்,
சுடுகிறது என்பதுபோல் ஒரு காலைத் தூக்கினான்,
பிறகு என்னைப் பார்த்தான்:
வந்த வேலை என்ன?
"போ" என்றேன். "போயேன்டா" என்றேன்.
என் தும்மலைத் தவிர
எதுவும் வெளியே வரவில்லை.
மறுபடி எழுபத்திரண்டு.
நான் பூட்ஸைக் கழற்றுவதற்குள்
நடைவழியில் நிம்மதியாக உட்கார்ந்து,
சுடச்சுட.

கத்தினேன். ஒரு தடவைதான்.
ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்
வால் மட்டும் தெரிய நின்றான்.
நான் கோபமாக இருப்பது அவனுக்குப் புரிந்தது,
எதற்கென்று புரியவில்லை.
நானும் ஒரு வீட்டில் அப்படித்தான்
ஒன்பது வருஷம் இருந்தேன்.
தரையில் படுத்து, சீஸ் துண்டை நீட்டி
இருபது நிமிஷம் மன்னிப்புக் கேட்டேன்.
காப்பகத்துப் பெண்ணின் குரல்
அப்போதுதான் காதுக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் தாளோடு இறங்கினேன்.
முழுத்தாள், நடுப்பக்கம்.
பனிமேல் விரித்து
நாலு மூலைக்கும் பனிக்கட்டி வைத்தேன்.
ஹெர்னெஸ் அதைப் பார்த்தான்,
தப்பான ஸ்டேஷனில் இறங்கியவன்
தெரிந்த முகத்தைப் பார்ப்பதுபோல்.
ஏறி நின்றான். சுற்றினான். உட்கார்ந்தான்.
நாடாளுமன்றச் செய்தி முழுக்க
ஆவி பறந்தது.
"சபாஷ்!" என்று கத்தினேன்
காலை ஐந்தேகாலுக்கு.
பனி வழிக்கும் வண்டிக்காரர் நிறுத்தினார்,
கண்ணாடியை இறக்கினார்,
கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

பிறகு எல்லாம் கணக்கு.
அரைத்தாள், கால்தாள்,
வானிலைக் கட்டம்,
குறுக்கெழுத்துப் புதிர்.
ஒருநாள் கைக்கு வந்தது இரங்கல் விளம்பரம்,
என் வயசுக்காரர் ஒருவர்.
அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
வேறு துண்டு கிழித்தேன்.
சில தாள்களைக் காற்று பிடுங்கிப் போனது.
மீதியைப் புதுப்பனி மூடியது.
மூடினால் முடிந்தது என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் தாளை மறந்து இறங்கிவிட்டேன்.
நாற்பதாம் படியில்தான் நினைவு வந்தது.
திரும்ப ஏற அவனிடம் நேரமில்லை.
பிர்ச் மரத்தடி, வெறும் பனி,
சின்னதாக ஒரு மஞ்சள் துளை.
இந்தத் தடவை நான் கத்தவில்லை.
பையில் உறைந்துபோன சீஸை
உள்ளங்கையில் பொத்தி இளக்கிக் கொடுத்தேன்.

ஏப்ரலில் உருகியது.
வாசல் கதவில் குடியிருப்புச் சங்கத்தின் அறிவிப்பு:
"முற்றத்தில் குப்பை போடுவது யாரென்று
எங்களுக்குத் தெரியும்."
போய்ப் பார்த்தேன்.
மந்திரிகள், பனிச்சறுக்கு வீராங்கனை,
பாதி விலையில் சோபா,
டிசம்பர் மேல் ஜனவரி ஒட்டி
என் குளிர்காலம் முழுக்க
புல்லோடு புல்லாகக் கிடந்தது.

ஜன்னலில் விர்வே அம்மாள்.
குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.
ஹெர்னெஸ் கூடவே வந்தான்,
இப்போது என் முழங்கால் உயரம்,
இரண்டு காதும் நிமிர்ந்து.
கிழியாத முழுத்தாள் ஒன்றைக் கண்டு நின்றான்.
முகர்ந்தான்.
என்னைப் பார்த்தான்.
சுற்றிலும் எவ்வளவோ புல்.
ஏறி நின்றான்.
சுற்றினான்.